மூன்றுக்கு மூன்று ஒரே கம்பியில் வருமா?

முன்னாள் மாணவன் என்ற முறையில் ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று பேரவைத் தம்பி தங்கைகள் கேட்டபோது, தமிழ்ப்பள்ளிகளின் எதிர்காலம், வாசிப்புப் பழக்கம் என்று வழக்கமான ஒன்றைத்தான் எதிர்பார்த்திருப்பார்கள். அவற்றை எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் பலர் உண்டு. நான் எழுத வந்தது, ஈப்போவில் என் வீட்டின் கார் நிறுத்துமிடத்தில் சனிக்கிழமைதோறும் நான் வெட்டிக்கொண்டிருக்கும் மரத்துண்டுகளைப் பற்றி. இதில் தமிழுக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் சற்றுப் பொறுமையோடு படிக்க வேண்டுகிறேன். கொஞ்சம் கோபமும் இதில் இருக்கிறது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் பொறியியல் படித்தவன். 2020-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையால் எல்லாரையும் போல நானும் வீட்டில் முடங்கிக் கிடந்தபோது, பொழுது போகாமல் அட்டையில் புதிர்த்துண்டுகள் வெட்டத் தொடங்கினேன். கத்தரிக்கோல் பிடித்துக் கை வலித்ததுதான் மிச்சம். பின்னர் 10 வாட் லேசர் வெட்டு இயந்திரம் ஒன்றை வாங்கினேன். ஒரு நடுத்தரக் கைப்பேசியின் விலைதான். கணினியில் கோடு வரைந்தால் அந்தக் கோட்டின் மேலேயே ஒளிக்கதிர் ஊர்ந்து சென்று பலகையை எரித்து வெட்டும். 3 மில்லிமீட்டர் பிளைவுட் பலகையைத் தாராளமாக வெட்டிவிடும்.

நான் செய்வது தளநிரப்புப் புதிர். ஆங்கிலத்தில் டெசலேஷன் என்பார்கள். துண்டுகளை இடைவெளி விடாமலும் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமலும் அடுக்கித் தளத்தை நிரப்ப வேண்டும். ஈப்போ பழைய நகரத்தின் அஞ்சடியில் நடந்தவர்கள் இதைக் காலால் மிதித்திருப்பீர்கள். கடைவாசல்களில் பதித்த பழைய சிமெண்டு ஓடுகள் அப்படிப்பட்டவைதாம். எல்லாப் பக்கமும் எல்லாக் கோணமும் சமமாக உள்ள வடிவங்களில் முக்கோணம், சதுரம், அறுகோணம் ஆகிய மூன்று மட்டுமே தனித்து நின்று தளத்தை நிரப்பும். ஐங்கோணத்தால் முடியாது. அதன் கோணம் 108 பாகை. 360-ஐ 108-ஆல் வகுத்தால் மீதம் வரும். அந்த மீதம்தான் தரையில் இடுக்காக நிற்கும். ஆறாம் ஆண்டுப் பிள்ளை போடக்கூடிய கணக்கு இது. ஆனால் நான் அதை இருபத்தெட்டு வயதில், வெட்டிய ஐங்கோணங்களைக் கையில் வைத்துக்கொண்டுதான் உண்மையாகப் புரிந்துகொண்டேன்.

இயந்திரம் வாங்கிய புதிதில் என்னைத் தூக்கி நிறுத்திய செய்தி ஒன்று 2023 மார்ச்சில் வந்தது. எத்தனை தூரம் அடுக்கினாலும் ஒரே அமைப்பு சீராகத் திரும்பத் திரும்ப வராத தளநிரப்பை ஒரே ஒரு வடிவத்தைக் கொண்டு செய்ய முடியுமா என்பது கணித அறிஞர்கள் பல பத்தாண்டுகளாகத் தேடிய விடை. 1970-களில் ரோஜர் பென்ரோஸ் இரண்டு வடிவங்கள் வரை குறைத்திருந்தார். அந்த ஒற்றை வடிவத்தைக் கண்டுபிடித்தவர் பேராசிரியர் அல்லர். இங்கிலாந்தின் பிரிட்லிங்டன் என்ற கடலோர ஊரில் வாழும் டேவிட் ஸ்மித். அச்சுத் தொழிலில் இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் உட்கார்ந்து, அட்டையில் வடிவங்களை வெட்டி அடுக்கிப் பார்த்துப் பார்த்தே பதின்மூன்று பக்கங்கள் கொண்ட அந்தத் 'தொப்பி' வடிவத்தைப் பிடித்தார். பிறகுதான் கிரேக் கேப்லன் முதலிய மூன்று அறிஞர்கள் அவரோடு சேர்ந்து அதை நிறுவினார்கள். நான் அந்தத் தொப்பியை நூற்றுக்கு மேல் வெட்டினேன். ஏறத்தாழ எட்டுத் துண்டில் ஒன்றைப் புரட்டிப் போட்டால்தான் அடுக்கு தொடரும். ஒரு பக்கம் மட்டும் சாயம் பூசிவிட்டு, ஏன் இடையிடையே வெறும் பலகை தெரிகிறது என்று விழித்த முட்டாள் நான்தான்!

இன்னொரு முட்டாள்தனத்தையும் சொல்கிறேன். செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு உதவும். லேசர் கதிருக்கும் தடிமன் உண்டு. வெட்டும் இடத்தில் ஒன்றரைப் பத்தில் இருந்து இரண்டு பத்து மில்லிமீட்டர் வரை பலகை எரிந்து காணாமல் போகும். கணினியில் சரியாக 40 மில்லிமீட்டர் என்று வரைந்த சதுரம் கைக்கு வரும்போது 39.8 ஆகிவிடும். ஒரு துண்டில் இது யார் கண்ணுக்கும் தெரியாது. இருபது துண்டுகளை வரிசையாக வைத்தால் 4 மில்லிமீட்டர் குறையும். சட்டத்துக்குள் போட்ட புதிர் கடகடவென்று ஆடும். அதனால் வெட்டுக்கோட்டைக் கதிரின் பாதி அகலம் வெளியே தள்ளி வரைய வேண்டும். என் முதல் ஐந்து புதிர்கள் குப்பைக்குப் போயின.

இப்போது அம்மா.

நாங்கள் சுங்கை சிப்புட்டுக்கு அருகில் ஒரு தோட்டத்தில் லயத்து வீட்டில் இருந்தவர்கள். அம்மா பால் மரம் வெட்டியவர். விடியுமுன் பெரட்டுக்கு ஓட வேண்டும். அதற்கும் முன்னால் வாசலில் சாணி தெளித்துக் கோலம் போட்டாக வேண்டும். மண்ணெண்ணெய் விளக்கின் வெளிச்சத்தில் அம்மா குனிந்து புள்ளி வைப்பதைத் திண்ணையில் தூங்கி வழிந்தபடி பார்த்திருக்கிறேன். ஒருநாள் நானும் ஒரு கோடு இழுக்கப் போய், "பொம்பளப் புள்ள வேலைடா அது, போய்ப் பல்லு வெளக்கு" என்று பாட்டி விரட்டியது நன்றாக நினைவிருக்கிறது. அன்றோடு கோலத்துக்கும் எனக்கும் தொடர்பு அறுந்தது. பின்னர் பால் மரம் போய்ச் செம்பனை வந்தது; அப்புறம் தோட்டமே வீடமைப்பாளர் கைக்குப் போனது. நாங்கள் ஈப்போவில் மலிவு விலை அடுக்குமாடிக்கு வந்தோம். அங்கே வாசல் என்பது நாலடித் தாழ்வாரம். சிமெண்டுத் தரை. பக்கத்து வீட்டார் மிதிப்பார்கள். அம்மா லிட்டல் இந்தியாவில் ஒட்டுக் கோலம் ஒன்று வாங்கி ஒட்டினார். அது இன்றைய வீட்டு வாசலிலும் ஒட்டியிருக்கிறது, ஓரம் உரிந்து.

கோலத்தைப் புதிராக்கலாம் என்ற எண்ணம் எனக்கு வந்ததற்குப் பெருமைப்பட ஏதுமில்லை. சந்தையில் விற்கும் என்று நினைத்தேன், அவ்வளவுதான். கம்பிக் கோலத்தில், சிலர் சிக்குக் கோலம் என்பார்கள், புள்ளிகளைச் சுற்றிக் கோடு வளைந்து ஓடும். கண்டிப்பாகப் பார்த்தால் அது தளநிரப்பு இல்லை. அது ஓடும் கோடு. ஆனால் ஒவ்வொரு புள்ளியையும் நடுவில் வைத்து ஒரு சதுரம் வெட்டினால் கோலம் முழுவதும் சதுரத் துண்டுகளாகிவிடும். சதுரத்துக்கு நாலு பக்கம். ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டே நிலைதான்: ஒன்று, கோடுகள் அந்தப் பக்கத்தின் நடுவில் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு அடுத்த சதுரத்துக்குள் போகும், இல்லையென்றால் போகாமல் உள்ளேயே மடங்கிவிடும். நாலு பக்கம், பக்கத்துக்கு இரண்டு நிலை என்றால் மொத்தம் 16 வகை. துண்டைச் சுழற்றி வைக்கலாம் என்பதால் உண்மையில் வேண்டியவை 6 வகைதான். எந்தப் பக்கமும் திறக்காதது ஒரு வட்டம். ஒரு பக்கம் திறந்தது நீர்த்துளி போல. எதிரெதிர்ப் பக்கம் திறந்தது தறிநாடா போல. இந்த ஆறு துண்டுகளில் எத்தனையோ கோலம் போட்டுவிடலாம்.

அப்படிச் செய்த முதல் பெட்டியில் மூன்றுக்கு மூன்று, அதாவது ஒன்பது துண்டு. மூலைக்கு நாலு, ஓரத்துக்கு நாலு, நடுவுக்கு ஒன்று. "எல்லாப் புள்ளிகளையும் ஒரே கோட்டில் சுற்றுக" என்று பெட்டியில் எழுதினேன். துண்டுகளை மேசையில் கொட்டிவிட்டு அம்மாவைக் கூப்பிட்டேன். அம்மாவுக்குக் கண்ணில் புரை. செதுக்கிய கோட்டை விரலால் தடவித்தான் பார்த்தார். ஒரு துண்டைக்கூட நகர்த்தவில்லை.

"மூணுக்கு மூணு ஒரே கம்பியில வராதேடா. மூணு கம்பி வரும்."

"எப்படிம்மா சொல்றீங்க? போட்டே பாக்கலியே?"

"நடுவுல ரெண்டு எடத்துல மடக்கிக் கொண்டாந்தாத்தான் ஒண்ணாகும். நீ வெட்டுனதுல மடக்கே இல்லியே. மூணுக்கு நாலுன்னா மடக்காமலே வரும்."

நான் கணினியில் உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். அம்மா சொன்னது சரி. நான் பெட்டியில் அச்சடித்ததற்கு விடையே கிடையாது. பிறகு தேடிப் படித்ததில் அதன் விதியும் கிடைத்தது. நீள்சதுரப் புள்ளிக் கட்டத்தில் உள்ளே எல்லாப் பக்கமும் திறந்திருந்தால் எத்தனை தனிக் கோடுகள் வரும்? இரண்டு எண்களையும் மீதமின்றி வகுக்கும் மிகப் பெரிய எண் எதுவோ அத்தனை. மூன்றுக்கு மூன்று என்றால் மூன்று. நாலுக்கு ஆறு என்றால் இரண்டு. மூன்றுக்கு நாலு, ஐந்துக்கு ஏழு என்றால் ஒன்றே ஒன்று. இரண்டு வெவ்வேறு கோடுகள் சந்திக்கும் இடத்தை அடைத்தால் அவை ஒன்றாகும். ஓர் இடத்தை அடைத்தால் ஒரு கோடுதான் குறையும். ஆகவே மூன்றை ஒன்றாக்கக் குறைந்தது இரண்டு மடக்கு. அம்மா ஆறாம் ஆண்டு முடித்து, பால் வாளி தூக்கப் போனவர். மீப்பெரு பொதுக் காரணி என்ற சொல்லைக் கேட்டதில்லை. பொறியியல் பட்டம் பெற்ற நான் விடையில்லாத புதிரை விற்கப் போனேன்!

இதை எழுதும்போது ஓர் எச்சரிக்கையும் தேவை. 'நம் பாட்டிமார் எல்லாரும் கணித மேதைகள்' என்று மார்தட்டும் கட்டுரை அல்ல இது. அம்மாவுக்கு விதி தெரியாது. ஏன் என்று கேட்டால் "அப்படித்தான் வரும்" என்பார். ஆயிரம் விடியலில் போட்டுப் போட்டுக் கையில் ஏறிய அறிவு அது. விதியாக எழுதி நிறுவுவது வேறு உழைப்பு. அந்த உழைப்பையும் தமிழ்நாட்டில் செய்திருக்கிறார்கள். தாம்பரம் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் புள்ளியியல் பேராசிரியராக இருந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகிய மூவரும் 1974-இலேயே கோலங்களைக் கணினி இலக்கண முறையில் விளக்கி ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். மொழிக்கு இலக்கணம் இருப்பது போலக் கோலத்துக்கும் இலக்கணம் எழுதலாம் என்பது அதன் சாரம். கணினி என்றால் ஓர் அறையை அடைக்கும் இயந்திரம் என்றிருந்த காலம் அது! இலக்கணம் என்றாலே நன்னூல் என்று மட்டும் நினைக்கும் நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்? எனக்கும் தெரியாது, மரத்துண்டு வெட்டப் போய்த்தான் தெரிந்துகொண்டேன்.

என் கோபம் இங்கேதான் தொடங்குகிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் உயர்கல்விக் கூடத்தின் கோலப் போட்டிக்கு என்னை நடுவராக அழைத்தார்கள். வண்ண அரிசியில் மயில், குத்துவிளக்கு, பொங்கல் பானை. நன்றாகத்தான் இருந்தன. கடைசி மூலையில் ஒரு மாணவி வெள்ளை மாவில், வண்ணமே இல்லாமல், ஏறக்குறைய நூறு புள்ளிகளை ஒரே கம்பியில் சுற்றி முடித்திருந்தார். கையை எடுத்த இடம் தெரியவில்லை. மதிப்பெண் தாளில் வண்ணத்துக்கு இத்தனை, கருப்பொருளுக்கு இத்தனை, தூய்மைக்கு இத்தனை என்று கட்டங்கள் இருந்தன. கோட்டுக்குக் கட்டம் இல்லை. அவருக்குப் பரிசு இல்லை. நானும் அந்தத் தாளில் கையொப்பமிட்டேன். வாய் திறந்து பேசியிருக்க வேண்டும், பேசவில்லை. அந்தப் பெண் துடைப்பத்தால் அதைக் கூட்டித் தள்ளியதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கோலத்தை நாம் அலங்காரமாக ஆக்கிவிட்டோம் என்பது என் கருத்து. அலங்காரம் தவறு என்று சொல்லவில்லை. ஆனால் புள்ளி வைத்துக் கணக்குப் பார்த்து வளைத்து மூடும் மூளை வேலை அதில் இருந்ததை மறந்துவிட்டு, 'பண்பாட்டு அங்கம்' என்று மேடையில் ஏற்றிவிட்டோம். அதோடு, அது பெண்பிள்ளை வேலை என்று பையன்களை விரட்டியும் விட்டோம். இரட்டை இழப்பு. வீட்டில் பெண்கள் வைத்திருந்த அறிவு அறிவென்றே எண்ணப்படவில்லை. பையன்களுக்கு அது கிடைக்கவும் இல்லை. கணக்குக்கு வெளியே கொண்டுபோய்த் துணைப்பாட வகுப்பில் சேர்த்தோம். வாசலில் இருந்த கணக்கை மிதித்துக்கொண்டு போனோம். தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளை ஆட்டிவைத்த யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் நீக்கப்பட்டது. இனியாவது கையால் செய்து கற்க நேரம் கிடைக்கும் என்று நம்பி ஒரு பள்ளிக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். "பயிற்சி நூலே முடியலங்க சார்" என்றார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. இருந்தாலும் பேராக்கில் 130-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அவற்றில் பல, தோட்டம் கரைந்த பிறகு சிறிய எண்ணிக்கைப் பிள்ளைகளோடு நிற்பவை. இருபது பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கு ஒரு பெட்டித் துண்டுகள் போதும். எண்ணிக்கை குறைவு என்பது ஒரு வகுப்பே தரையில் உட்கார்ந்து விளையாட வசதியும்கூட.

என் நண்பர் ஒருவர் கேட்டார்: கையால் போட்ட கோலத்தை இயந்திரத்தால் வெட்டுகிறாயே, இது கலையைக் கொல்வது இல்லையா? நியாயமான கேள்விதான். என் பதில் இது. துளையிட்ட உருளைக் குழாயில் மாவை நிரப்பி உருட்டினால் கோலம் விழும். ஒட்டுக் கோலமும் அப்படியே. அவை யோசனையைப் பிடுங்கிக்கொள்ளும் கருவிகள். என் சதுரத் துண்டுகள் கோலத்தைத் தருவதில்லை. துண்டை வைப்பவர்தான் எங்கே மடக்குவது, எங்கே திறப்பது என்று முடிவு செய்ய வேண்டும். கை நடுக்கம் இருந்தாலும், குனிய முடியாவிட்டாலும், கண் தெரியாவிட்டாலும் விரலால் தடவிப் போடலாம். அம்மா மாவுக் கோலம் போட்டுப் பதினைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. இப்போது நாள்தோறும் சாப்பாட்டு மேசையில் போடுகிறார்.

வேறொன்றிலும் நான் பிடிவாதமாக இருக்கிறேன். பொருள் வாங்க வந்தவர் ஒருவர் பெட்டியின் மேல் 'நம் முன்னோர் பால் வெட்டிய தோட்டத்து மரத்தில் செய்தது' என்று போட்டால் நன்றாக விற்கும் என்றார். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. இந்நாட்டில் ரப்பர் கன்று முதலில் ஊன்றப்பட்டது நம் பேராக்கின் கோலாகங்சாரில், 1877-இல். நம் வரலாறு அந்த மரத்தோடு பின்னிக் கிடப்பதை மறுப்பதற்கில்லை. இருபத்தைந்து முப்பது ஆண்டுகளில் பால் வற்றிய மரம் அந்தக் காலத்தில் அடுப்புக்கும் புகைக்கூடத்துக்கும் விறகாகப் போனது. மாவுச்சத்து மிகுந்த மரம் என்பதால் வெட்டிய சில நாளிலேயே நீலம் பாய்ந்துவிடும், வண்டு துளைக்கும். போரான் மருந்து ஏற்றி உலர்த்தும் முறை பரவிய பிறகே அது தளவாடத் தொழிலின் தங்கமானது. இன்று மூவார் தொழிற்சாலைகளுக்கே போதாமல், 2017-இல் அறுத்த ரப்பர் பலகை ஏற்றுமதிக்கு அரசாங்கம் தடை போடும் அளவுக்கு அதற்கு மவுசு. ஆனால் எனக்குக் கிடைப்பது துண்டு துண்டாக ஒட்டிய 18 மில்லிமீட்டர் பலகை. என் இயந்திரத்தால் அதை வெட்ட முடியாது. ஒரு தளவாடப் பட்டறையில் கழிவுத் துண்டுகளை வாங்கி 4 மில்லிமீட்டராக இழைத்துப் பார்த்தேன். ஒட்டு உள்ள இடத்தில் கதிர் தடுமாறி ஒரு பக்கம் கருகியது. ஆகவே சட்டம் மட்டும் ரப்பர் மரம். துண்டுகள் சாதாரண பிளைவுட். அந்தப் பலகை எந்தத் தோட்டத்து மரம் என்று எனக்குத் தெரியாதபோது, என் தாத்தாவின் பெயரைச் சொல்லி விற்க மனம் வரவில்லை. பெட்டியில் '3 மி.மீ. பிளைவுட்' என்றுதான் எழுதியிருக்கிறேன். மாதத்துக்கு நாலைந்து பெட்டி போகிறது. இயந்திரத்தின் விலையை இன்னும் எடுக்கவில்லை.

பேரவைக்கு என் வேண்டுகோள் பெரிதில்லை. அடுத்த கோலப் போட்டியின் மதிப்பெண் தாளில் ஒரு கட்டம் கூடுதலாக அடியுங்கள்: எத்தனை கம்பி, எங்கே மடக்கினீர்கள், ஏன்? ஆண்களும் போடட்டும். விடுமுறைக்குத் தோட்டத்துக்கோ தாமானுக்கோ போகும்போது அம்மாவிடமும் பாட்டியிடமும் ஒரு கோலத்தைத் தாளில் போட்டு வாங்கி வாருங்கள். போட்டவர் பெயரையும் ஊரையும் தாளின் கீழே எழுதுங்கள். என்னிடம் அம்மாவின் கோலங்கள் இதுவரை நாற்பத்தொன்று கோப்பாக இருக்கின்றன. யார் கேட்டாலும் இலவசமாகத் தருகிறேன். வீட்டில் வெட்ட நினைப்பவர்கள் மட்டும் சில விதிகளை விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். புகையை வெளியேற்றும் விசிறி இல்லாமல் இயந்திரத்தை ஓட்டக் கூடாது. கண்ணாடி அணியாமல் கதிரைப் பார்க்கக் கூடாது. பி.வி.சி. தகட்டை வெட்டவே கூடாது. நச்சு வாயு வரும். ஓடும் இயந்திரத்தை விட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போகவும் கூடாது. எங்கள் கார் நிறுத்துமிடத்தின் கூரையில் ஒரு கரும்புள்ளி இருக்கிறது. அது தேநீரால் வந்தது.

இந்தச் சனிக்கிழமை அம்மாவுக்காக ஐந்துக்கு ஐந்து வெட்டுகிறேன். கொஞ்சம் பெரிய துண்டு, ஆழமான கோடு. கணக்குப்படி ஐந்து கம்பி வரும். ஒன்றாக்க நாலு இடத்தில் மடக்க வேண்டும். எந்த நாலு என்று கேட்டேன். "மொதல்ல வெட்டிக் கொண்டா" என்றிருக்கிறார்.